ஒன்பது கிலோமீட்டர் மீதி

பழைய வேகக் கார்களைச் சோதித்துச்
சான்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு.
குவோப்பியோவுக்கு வடக்கே
எந்தக் கொட்டகையில் எது உறங்குகிறதென்று
என்னைக் கேட்டால் தெரியும்.

எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
ஔலிஸ், விலை நிற்குமா?

நிற்காது. முதல் மூன்று வருஷம்
ஐஸ் மேல் விழுந்த கரண்டிபோல் வழுக்கும்.
பிறகு நீண்ட சமவெளி.
ஒரு செட் டயர் விலைக்குக் காரையே கேட்பார்கள்.
முக்கால்வாசி செத்துப்போவது அப்போதுதான்:
இரண்டாம் கை, மூன்றாம் கை,
பத்தொன்பது வயதுக் கை,
ஒரு வளைவு, ஒரு பைன் மரம்.
மிஞ்சியவற்றுக்கு மெல்ல விலை ஏறும்.
ஏறியது காரின் மதிப்பல்ல,
செத்தவற்றின் எண்ணிக்கை என்று எழுத
சான்றில் கட்டம் கிடையாது.

ஹில்க்காவின் கார் மஞ்சள்.
ஆறு சிலிண்டர், கையால் மாற்றும் கியர்,
பல்செட் செய்து சேர்த்த பணத்தில்
2003இல் புதிதாக வாங்கியது.
இப்போது இடது முழங்கால்
கிளட்சோடு ஒத்துப்போவதில்லை.

அடியில் படுத்துப் பார்த்தேன், துரு இல்லை.
சாலைக்கு உப்புத் தூவும் மாதங்களில்
வெளியே எடுத்ததே இல்லையாம்.
பெயிண்டின் கனம் எங்கும் நூற்றுப்பத்து மைக்ரான்,
இடது பின்சக்கரத்துக்கு மேலே மட்டும்
இருநூற்று எண்பது.
"மான்," என்றாள்.
"அதற்கு ஒன்றும் ஆகவில்லை."

வாங்குபவர் எஸ்போக்காரர், ரைமோ.
காரைப் பார்க்க வரமாட்டார். ஓட்டவும் மாட்டார்.
ஈரப்பதம் அளந்து காக்கும் அறையில்
ஏற்கெனவே பதினொன்று நிறுத்தியிருக்கிறார்.
தொலைபேசியில் ஒரே நிபந்தனை:
மீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தொடக்கூடாது.
தொட்டால் நான்காயிரம் யூரோ குறையும்.
தொடாவிட்டால்
அவள் அன்று கொடுத்த அதே விலை,
ஒரு சென்ட் குறையாமல்.

மீட்டரில் 1,49,991.

"அப்படியானால் இருபத்திரண்டு வருஷம்
சும்மாவா ஓட்டியிருக்கிறேன்?"

காப்பீடு, பெட்ரோல், இரண்டு கிளட்ச், 
டயர் எத்தனை செட்...
நான் விரல் மடக்கிக்கொண்டிருந்தேன்.
அவள் சாவியை எடுத்துவிட்டாள்.
"ஓட்டிப் பார்க்காமல் சான்று எழுதுவீர்களா?"

எழுதக்கூடாது. ஏறி அமர்ந்தேன்.

ஏரியோரமாகப் பள்ளிக்கூடம் வரை நான்கு,
திரும்பி வர நான்கு. எட்டு.
ஒன்றை மிச்சம் வைத்து வீடு சேரலாம்.
கணக்கை உரக்கவே சொன்னேன்.
சரி என்றாள். சரியென்ற முகம்தான்.

பள்ளிக்கூடம் வந்தது.
"இங்கே திரும்பணும்."
மூன்றாம் கியருக்கு இறக்கினாள்,
முழங்கால் வலியில் உதட்டைக் கடித்தபடி.
ஐந்தாயிரம் சுற்றுக்கு மேல் அதற்கு வேறு தொண்டை.
அதுவரை பேசியது அது இல்லை என்பதுபோல.
பிர்ச் மரங்கள் வெள்ளைக் கோடாயின.
என் காப்பிக் குவளை பின்சீட்டுக்குப் போனது.
இருபது வருஷமாய் இந்த வேலை,
நான் பிடித்திருந்தது கதவின் கைப்பிடியை.

நான்கு ஒன்பதுகள் வரிசையாய் நின்றன.
பிறகு ஒரே இமைப்பில்
ஒன்று, ஐந்து, நான்கு பூஜ்யம்.
சத்தமே இல்லை. ஏதாவது சத்தம் கேட்குமென்று
ஏனோ நினைத்திருந்தேன்.

"நான்காயிரம்," என்றேன்.

"காசு கொடுத்து ஓட்டியது
இந்த ஒரு கிலோமீட்டர்தான்," என்றாள்.
"மற்றதெல்லாம் சும்மா கிடைத்தது.
நீங்கள்தானே கணக்குப் போட்டீர்கள்?"

நான் அப்படிப் போடவில்லை.
மறுக்கவும் இல்லை.

ரைமோ குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார்.
மூடிய லாரியில் தெற்கே போனது.
பன்னிரண்டாவதாக நிற்கிறது.
விலை ஏறியிருக்கிறதாம், இன்னும் ஏறுமாம்,
மீட்டர் 1,50,009இலேயே.

ஒரு சந்தேகம் என்று
போன வாரம் கூப்பிட்டார்.
சான்றின் கடைசி வரி புரியவில்லையாம்:

முன்கண்ணாடி: கீறல் இல்லை.
பூச்சிகள் உண்டு. புதியவை.